நிறுவியவர் இறந்த பிறகு அந்த ஆடை வரிசை யாருடையது?

#1 நூல்கண்டு

ஆடை வடிவமைப்பாளர் விர்ஜில் அப்லோ 2021 நவம்பர் 28 அன்று இறந்தார். வயது 41. இதயத்தில் வரும் அரிய வகைப் புற்றுநோய். நோய் இருப்பதை வெளியே சொல்லாமலே கடைசி வரை வேலை பார்த்திருக்கிறார். அவர் தொடங்கிய ஆஃப்-ஒயிட் ஆடை நிறுவனத்தில் 60 சதவீதத்தை எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமம் வாங்குவதாக அறிவித்தது அதே ஆண்டு ஜூலையில்தான். 2022-ல் இப் கமாரா வந்து கலைப் பொறுப்பை ஏற்றார். 2024 செப்டம்பரில் எல்விஎம்ஹெச் தன் பங்கை புளூஸ்டார் அலையன்ஸ் என்ற நியூயார்க் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது. அவர் போய் மூன்று வருடம் ஆவதற்குள் இத்தனையும் நடந்துவிட்டது.

இன்றும் அந்தச் சாய்ந்த கோடுகள் இருக்கின்றன, அம்புக்குறி இருக்கிறது, மேற்கோள் குறிக்குள் எழுதிய சொற்கள் இருக்கின்றன. பார்த்தவுடன் ஆஃப்-ஒயிட் என்று தெரியும். ஆனால் எனக்கு ஏதோ குறைகிறது. ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளை 3 சதவீதம் மாற்றினால் போதும், அது புதிதாகிவிடும் என்று அப்லோ பல இடங்களில் பேசியிருக்கிறார். எந்த 3 சதவீதம் என்று தீர்மானித்த ஆள் போன பிறகு, மற்றவர்கள் எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?

இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். பிரபலம் ஒருவர் தொடங்கிய ஆடை வரிசை, அவர் இறந்த பிறகு உண்மையில் எப்படி மாறுகிறது? விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு, துணியிலும் தையலிலும் முடிவெடுக்கும் இடத்திலும் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்.

#2 கத்திரிமேசை

நான் சாம்பிள் ரூமில் பேட்டர்ன் வேலை (துணி வெட்டுவதற்கான மாதிரி வரைவு) செய்கிறவன். என் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில் நாட்கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சீசனின் ஆடை கடைக்கு வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே அதன் வேலை தொடங்கிவிடும். வடிவம், துணி, நிறம், முதல் சாம்பிள், அளவு பார்க்கும் ஃபிட் சாம்பிள், தயாரிப்புக்கு முந்தைய கடைசி மாதிரியான பிபி சாம்பிள், அப்புறம்தான் புரொடக்ஷன். ஆகவே ஒருவர் திடீரென்று இறந்தால் அடுத்த ஆறு மாதத்தில் கடைக்கு வருவது பெரும்பாலும் அவரே பார்த்த ஆடைகள்தான். "இறந்ததுமே தரம் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்றம் மூன்றாவது சீசனில்தான் கண்ணுக்குத் தெரியும்.

பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் நல்ல உதாரணம். 2010 பிப்ரவரி 11 அன்று இறந்தார். அப்போது அடுத்த தொகுப்பின் வேலை பெரும்பகுதி முடிந்திருந்தது. 16 உடைகளை மட்டும் அவருடைய குழுவினர் முடித்து, மார்ச்சில் பாரிஸில் சிறுசிறு குழுவாக அழைத்துக் காட்டினார்கள். பெரிய மேடை, இசை ஆரவாரம் எதுவும் இல்லை. அந்த 16-ம் அவர் கை பட்டவை. அதற்கடுத்த தொகுப்பு, அவரிடம் மாணவியாக 1996-ல் வந்து சேர்ந்து கூடவே வளர்ந்த சாரா பர்ட்டனுடையது.

இரண்டாவது விஷயம், பேட்டர்ன். நிறுவியவரோடு வருடக்கணக்கில் வேலை செய்த பேட்டர்ன் ஆட்கள் இருக்கும்வரை தோள் எங்கே விழ வேண்டும், இடுப்பு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது அப்படியே இருக்கும். அடிப்படைப் பேட்டர்ன்கள் கணினியில் பத்திரமாக இருக்கும். அதை யாரும் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது.

போவது எது என்று கேட்டால், "வேண்டாம்" என்று சொல்லும் குரல். சாம்பிள் மேசையில் பத்து துண்டு கிடக்கும். நிறுவியவர் வந்து அதில் ஏழு துண்டுகளை வேண்டாம் என்று தள்ளுவார். காரணம் சொல்ல மாட்டார். சில சமயம் அவருக்கே தெரியாது. அவர் போன பிறகு அந்தப் பத்தில் ஒன்பது தேறிவிடும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகப் பேச யாராவது ஒருவர் இருப்பார்: விற்பனைக்காரர், குடும்பத்தார், உரிமம் வாங்கியவர். தள்ளுவதற்கு அதிகாரம் உள்ளவர்தான் இருக்க மாட்டார்.

நீங்கள் சொன்ன 3 சதவீதத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். டெக் பேக்கில் (தயாரிப்பாளருக்குக் கொடுக்கும் விவரத் தாள்) அளவை எழுதலாம், தையல் வகையை எழுதலாம், துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எழுதலாம். எதைத் தள்ள வேண்டும் என்று எழுத அதில் இடமில்லை.

#3 பந்தயக்கொடி

நிப்ஸி ஹஸில் பற்றிப் பேசாமல் இந்த இழை நிறைவடையாது. அவர் ராப் பாடகர், ஆனால் "தி மாரத்தான் க்ளோத்திங்" அவருக்குப் பக்கத் தொழிலாக இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஸ்லாசன் அவென்யூவும் கிரென்ஷாவும் சந்திக்கும் இடத்தில் 2017-ல் கடை திறந்தார். அவர் வளர்ந்த பகுதி அது. போலீஸ் தொல்லைக்கும் வறுமைக்கும் பேர்போன இடத்தில், தன் பகுதி ஆட்களை வேலைக்கு வைத்து, செயலி வழியாக ஆடையின் படத்தை ஸ்கேன் செய்தால் பாட்டும் காணொளியும் வருகிற மாதிரி ஒரு கடை. பிறகு அந்த வளாகத்தையே பங்காளிகளோடு சேர்ந்து வாங்கினார். 2019 மார்ச் 31 அன்று அந்தக் கடை வாசலில்தான் சுடப்பட்டு இறந்தார். வயது 33.

அடுத்த நாட்களில் இணையதளத்தில் ஆர்டர் குவிந்தது. ஆனால் கடை மறுபடி பழைய மாதிரி திறக்கவில்லை. மக்கள் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து வைத்ததில் அந்த இடம் நினைவிடமாகவே ஆகிவிட்டது. இதை நினைத்துப் பாருங்கள்: "உன் தெருவிலேயே முதலீடு செய்" என்று சொன்ன ஒருவரின் வணிகம், அவர் இறந்ததும் தெருவை விட்டு இணையத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஹூடி அதே ஹூடிதான். நெஞ்சில் "கிரென்ஷா" என்ற அதே எழுத்துதான். ஆனால் அதை வாங்கக் கிரென்ஷாவுக்குப் போன அனுபவம் போய்விட்டது.

அண்ணன் சாமியேல் பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் ஆரம்பத்திலிருந்தே தம்பியோடு டீ-ஷர்ட் விற்றவர், அதனால் எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. 2019 செப்டம்பரில் பூமாவோடு சேர்ந்த தொகுப்பு வந்தது. நிப்ஸி உயிரோடு இருக்கும்போதே தொடங்கிய வேலை அது. நிகர வருமானம் முழுவதும் அவர் பெயரிலான அறக்கட்டளைக்கு என்று அறிவித்தார்கள். கத்திரிமேசை சொன்ன நாட்கணக்குக்கு இதுவும் சரியாகப் பொருந்துகிறது.

இதற்கிடையில் வேறொரு தரப்பு, அவர் ஓயாமல் சொல்லிவந்த "மாரத்தான் தொடர்கிறது" என்ற ஆங்கில முழக்கத்தைத் தங்கள் வர்த்தக முத்திரையாகப் பதிய விண்ணப்பம் போட்டது. குடும்பம் நீதிமன்றம் போக வேண்டிவந்தது. ஒருவரைப் புதைத்துவிட்டு அவருடைய வாக்கியத்துக்காக வழக்காட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்னும் கோபத்தைத் தருகிறது.

#4 கடைசிப்பொத்தான்

நான் இதில் மாறுபடுகிறேன். நிறுவியவர் இறந்தால் அந்த வரிசையை மூடிவிடுவதுதான் நேர்மை.

வடிவமைப்பாளர் லாரென் ஸ்காட் 2014 மார்ச்சில் இறந்தார், அவருடைய ஆடை நிறுவனமும் அதோடு முடிந்தது. கடன் பிரச்சினை இருந்தது என்பார்கள், இருக்கட்டும். இன்று அவருடைய ஒரு உடையைப் பார்த்தால் அது அவர் செய்தது என்று நிச்சயமாகத் தெரிகிறது. வேறு யாரும் அந்தப் பெயரில் ஒரு மோசமான டீ-ஷர்ட் போட்டு விற்கவில்லை.

பிரபலங்களின் வரிசையில் இன்னொரு அசிங்கம் நடக்கிறது. உயிரோடு இருக்கும்போது அவர்கள் தங்கள் ரசனையை விற்றார்கள். இறந்ததும் அவர்களுடைய முகத்தை விற்கிறார்கள். பிறந்த தேதி, இறந்த தேதி, நடுவில் படம். தன் முகத்தைத் தன் சட்டையில் ஒருநாளும் போடாத ஆள் ஒருவருக்கு இதைச் செய்தால் அது மரியாதை ஆகாது. வாங்கும் நம்மிடமும் தப்பு இருக்கிறது. துக்கத்தைக் காட்ட ஒரு பொருள் வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரியே கார்டை எடுக்கிறோம்.

#5 சாசனம்

வர்த்தக முத்திரை சட்டம் என் தொழில். "மூடிவிடு" என்று சொல்வது எளிது, ஆனால் வாரிசுகளுக்கு அந்த முடிவை நிதானமாக எடுக்க அவகாசமே கிடைப்பதில்லை. அமெரிக்காவை வைத்துச் சொல்கிறேன், இங்கே பேசப்படுகிறவர்களில் பலர் அங்கேதான் தொழில் நடத்தினார்கள்.

ஒன்று, வரி. பெரிய சொத்து விட்டுப் போனால் எஸ்டேட் வரிக் (இறந்தவரின் சொத்து மீதான வரி) கணக்கை ஒன்பது மாதத்துக்குள் கொடுத்துப் பணமும் கட்ட வேண்டும். அவருடைய பெயருக்கும் முகத்துக்கும் உள்ள மதிப்பும் அந்தச் சொத்தில் சேரும். மைக்கேல் ஜாக்சன் வழக்கு இதற்குப் பெரிய முன்னுதாரணம். அவர் இறந்த நாளில் அவருடைய பெயர், உருவம் ஆகியவற்றின் மதிப்பு சுமார் 2,000 டாலர்தான் என்று எஸ்டேட், அதாவது அவருடைய சொத்தை நிர்வகித்த தரப்பு, கணக்குக் கொடுத்தது. வரித்துறை வழக்கில் 16 கோடி டாலர் என்றது. 2021-ல் வரி நீதிமன்றம் சுமார் 41.5 லட்சம் டாலர் என்று தீர்த்தது. அவர் இறந்த வருடம் 2009. பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. நடுவில் எந்தக் குடும்பமும் வருமானத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது.

இரண்டு, முத்திரை உரிமை பயன்பாட்டில்தான் உயிரோடு இருக்கும். அங்கே தொடர்ந்து மூன்று வருடம் பயன்படுத்தாமல் விட்டால் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அப்படிக் கைவிட்டால் கடைசிப்பொத்தான் பயப்படுகிற அதே ஆட்கள் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொள்வார்கள். நிப்ஸியின் முழக்கத்துக்கு நடந்த முயற்சியைப் பார்த்தோமே. நினைவு டீ-ஷர்ட் பலவற்றுக்குப் பின்னால் பேராசை மட்டும் இருப்பதில்லை, முத்திரையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமும் இருக்கிறது.

மூன்று, முகத்தின் உரிமை. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் இறந்த பிறகு 70 வருடம், டெக்சாஸில் 50, நியூயார்க்கில் 2021 மே 29 முதல் இறந்தவர்களுக்கு 40. டென்னசியில் வணிகப் பயன்பாடு தொடரும்வரை முடிவே இல்லை. இறக்கும்போது எங்கே குடியிருந்தார் என்பதைப் பொறுத்துப் பேரப்பிள்ளைகளின் வருமானம்கூட மாறும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. அவர் உயிரோடு இருந்தபோது எதில் கையெழுத்துப் போட்டார்? பெயர் அவருடைய சொந்தக் கம்பெனியில் இருந்ததா, உரிமத்தில் கொடுக்கப்பட்டதா, மொத்தமாக விற்கப்பட்டதா? கத்திரிமேசை சொன்ன "வேண்டாம்" இருக்கிறதே, அது ஒப்பந்தங்களில் "ஒப்புதல் உரிமை" என்று ஒரு பத்தியாக இருக்கும். அந்தப் பத்தி அவர் பெயருக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால் அவரோடு போய்விடும். "அவரும் அவருடைய வாரிசுகளும்" என்று இருந்தால் பிழைக்கும். பல ஒப்பந்தங்களில் முதல் வகைதான் இருக்கிறது, ஏனென்றால் முப்பது வயதுப் பாடகர் கையெழுத்துப் போடும்போது சாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

#6 மெடூசா97

வெர்சாச்சே பற்றி நான் எழுதாமல் யார் எழுதுவது!

இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியானி வெர்சாச்சே 1997 ஜூலை 15 அன்று மயாமி பீச்சில் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார். வயது 50. மூன்று மாதத்தில், அக்டோபரில், தங்கை டொனடெல்லா மிலானில் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். அழுதுமுடிக்க நேரம் இல்லாத ஒரு பெண், உலகமே தன் அண்ணனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் மேடைக்கு வருகிறார். அந்தத் துணிவுக்காகவே எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

உயிலைப் பாருங்கள். கம்பெனியில் தன் பங்கான 50 சதவீதத்தை ஜியானி எழுதிவைத்தது டொனடெல்லாவின் மகள் அலெக்ராவுக்கு. அவளுக்கு அப்போது வயது 11! மூத்தவர் சாண்டோவிடம் 30, டொனடெல்லாவிடம் 20. அதாவது வடிவமைக்கும் பொறுப்பு மிகக் குறைந்த பங்கு உள்ளவரிடம், மிகப் பெரிய பங்கு பள்ளிக்கூடப் பிள்ளையிடம். அலெக்ராவுக்கு 18 வயது ஆனது 2004-ல். அந்த ஏழு வருடம் கம்பெனி தள்ளாடியது. பங்குச் சந்தைக்குப் போகும் திட்டம் நின்றது, கடன் ஏறியது, பல துணை வரிசைகள் மூடப்பட்டன அல்லது சுருங்கின. வெளியிலிருந்து தலைமை நிர்வாகி வந்து செலவை வெட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

ஆடையில் என்ன மாறியது? ஜியானியின் உடைகள் பெண்ணைத் தூரத்தில் இருந்து பார்த்து வியந்தவை என்பது என் கருத்து. டொனடெல்லாவுடையவை அதை அணிந்து நடப்பவரின் பக்கத்திலிருந்து செய்தவை. ஆரம்ப வருடங்களில் அண்ணனைப் போலச் செய்ய முயன்றது தெரியும், அவை சரியாக வரவில்லை. 2000 கிராமி விழாவில் ஜெனிஃபர் லோபஸ் அணிந்த பச்சை நிறக் காட்டு அச்சு உடை வந்தபோது எல்லாம் மாறியது. அந்தப் படத்தைத் தேடிய கூட்டத்தைப் பார்த்துத்தான் கூகுளுக்குப் படத் தேடல் சேவை வேண்டும் என்ற எண்ணம் வந்தது என்று அதன் அப்போதைய தலைவரே பின்னால் எழுதினார். அது ஜியானி செய்திருக்கக்கூடிய உடையா என்று கேட்டால், இல்லை என்பேன். அதனால்தான் அது வெற்றி.

இருபது வருடம் கழித்து, 2017 செப்டம்பரில், டொனடெல்லா ஜியானியின் அச்சுகளை வெளியே எடுத்தார். நவோமி கேம்பெல், சிண்டி கிராஃபோர்ட், கிளாடியா ஷிஃபர், கார்லா புரூனி, ஹெலெனா கிறிஸ்டென்சன் ஐவரும் தங்க நிற உலோகத் துணியில் ஒன்றாக நின்றார்கள். இருபது வருடம் காத்திருந்ததைக் கவனியுங்கள். இறந்த அடுத்த மாதமே பழைய அச்சை எடுத்து ஓட்டியிருந்தால் இன்று வெர்சாச்சே என்ற பெயர் நினைவுப் பொருள் கடையாக நின்றிருக்கும்.

2018-ல் குடும்பம் கம்பெனியை மைக்கேல் கோர்ஸ் குழுமத்துக்கு, அதுதான் பிறகு காப்ரி ஹோல்டிங்ஸ், சுமார் 210 கோடி டாலருக்கு விற்றது. 2025 மார்ச்சில் டொனடெல்லா வடிவமைப்புப் பொறுப்பை விட்டார். ஏப்ரலில் பிராடா 125 கோடி யூரோவுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. ஒரு மரணத்தில் தொடங்கிய அத்தியாயம் முடிய 28 வருடம் ஆகியிருக்கிறது.

#7 நூல்கண்டு

மெடூசா97, நன்றி. "ஜியானி செய்திருக்க மாட்டார், அதனால்தான் வெற்றி" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நான் ஆஃப்-ஒயிட்டில் அப்லோ செய்திருக்கக்கூடியதையே தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்காததற்கு வருந்துகிறேன். ஒருவேளை தேடலே தவறாக இருக்கலாம். ஆனாலும் வெர்சாச்சேயில் ஒரு தங்கை இருந்தார். ஆஃப்-ஒயிட்டில் அப்படி ஒருவர் இல்லை. இப் கமாரா அவரோடு வேலை செய்தவர்தான், திறமைசாலிதான், ஆனால் "வேண்டாம்" என்று அவர் சொன்னால் அது கடைசி வார்த்தையா?

#8 வெள்ளைரோஜா

யாரும் செலினாவைச் சொல்லவில்லையே. செலினா கிண்டனிலா, தேஹானோ இசையின் (டெக்சாஸ் மெக்சிகோ வம்சாவளியினரின் இசை) அரசி. மேடை உடைகளைத் தானே வரைந்தார், மணிகள் ஒட்டிய மார்க்கச்சைகளைத் தானே செய்தார். ஆடை வடிவமைப்பு அவருக்குச் சிறுவயதுக் கனவு. 1994-ல் டெக்சாஸில் கார்பஸ் கிறிஸ்டியிலும் சான் அன்டோனியோவிலும் "செலினா எட்செட்ரா" என்ற கடைகளைத் திறந்தார். அழகுநிலையமும் துணிக்கடையும் சேர்ந்த இடம். கடைகளை நிர்வகிக்க ரசிகர் மன்றத் தலைவியையே நியமித்தார். பணம் காணாமல் போவது தெரியவந்தது. கணக்குத் தாள்களைக் கேட்கப்போன இடத்தில் 1995 மார்ச் 31 அன்று அந்தப் பெண்ணே அவரைச் சுட்டுக் கொன்றார். செலினாவுக்கு வயது 23. (நிப்ஸியும் மார்ச் 31. இரண்டு பேருமே தங்கள் ஆடை வணிகத்தோடு தொடர்புள்ள இடத்திலோ காரணத்திலோ உயிரை விட்டவர்களைப் போல எனக்குத் தோன்றும், நிப்ஸி வழக்கின் காரணம் வேறு என்றாலும்.)

கடைகளைக் குடும்பம் உடனே மூடவில்லை. சில வருடங்கள் நடந்தன, பிறகு மூடப்பட்டன. ஆனால் அங்கே யார் போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். துணி வாங்க வந்தவர்களை விட அவரை வணங்க வந்தவர்கள் அதிகம். அவர் நடத்த நினைத்தது, தன்னைப் போன்ற சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் அழகாக உடுத்திக்கொள்ள ஒரு இடம். அது திருத்தலமாகிவிட்டால் புதிய வடிவமைப்பு எதற்கு? ஒவ்வொரு சீசனும் புதிது செய்யும் ஆள் இல்லை, பழையதை விற்கவே கூட்டம் போதுமானது. அந்தக் கடைகள் மெல்ல நின்றதில் எனக்கு வியப்பில்லை.

சாசனம் சொன்ன காகித விஷயமும் இதில் இருக்கிறது. அவர் இறந்த சில வாரங்களில் கணவர் கிறிஸ் பெரெஸ் உட்பட குடும்பம் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. செலினாவின் பெயர், குரல், உருவம் எல்லாவற்றின் கட்டுப்பாடும் தந்தை ஆபிரகாமிடம் போனது. துக்கத்தின் நடுவில் போட்ட கையெழுத்து. 2016-ல் அதே ஒப்பந்தத்தை வைத்துத் தந்தை மருமகன் மேல் வழக்குப் போட்டார், மனைவியைப் பற்றிய நினைவுகளைத் தொடராக எடுக்க முயன்றதற்காக.

ஆனால் அதே 2016-ல் மேக் நிறுவனம் செலினா பெயரில் ஒப்பனைப் பொருட்கள் கொண்டுவந்தது. ரசிகர்கள் மனுப் போட்டுக் கேட்டு வாங்கியது. இணையத்தில் மணிக்கணக்கில் தீர்ந்துவிட்டது. அக்கா சுசெட் நிறங்களைப் பார்த்துச் சரிசெய்தார். செலினா இறந்தபோது பிறந்தே இராத பெண்கள் வரிசையில் நின்றார்கள். கடைசிப்பொத்தான், அவர்களிடம் போய் "மூடியிருக்க வேண்டும்" என்று நான் சொல்ல மாட்டேன்.

#9 கடைசிப்பொத்தான்

வெள்ளைரோஜா, நீங்கள் சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் என் வாதம் அப்படியே நிற்கிறது. அக்கா நிறத்தைப் பார்த்துச் சரி சொன்னார் என்பதை நீங்களே முக்கியமாகச் சொல்கிறீர்கள். அந்த அக்கா இல்லாத நாள் வரும். தங்கை டொனடெல்லாவும் இப்போது விலகிவிட்டார். கடைசியில் எல்லாப் பெயரும் நிறுவியவரை ஒருமுறைகூடச் சந்திக்காத ஒருவர் மேசைக்குத்தான் போகிறது. அந்த நாளில் மூடலாமே என்கிறேன்.

#10 கத்திரிமேசை

கடைசிப்பொத்தானுக்கு: சந்திக்காத ஆள் வந்தால் கெட்டுவிடும் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அலாயாவைப் பாருங்கள். பாரிஸ் வடிவமைப்பாளர் அசெதின் அலாயா 2017 நவம்பரில் இறந்தார். மூன்று வருடத்துக்கு மேல் வடிவமைப்பாளர் இடத்தில் யாரையும் உட்காரவைக்கவில்லை. அவருடைய தையல் அறை அவர் விட்டுப்போன பேட்டர்ன்களையே மறுபடி மறுபடி செய்தது. 2021-ல் பீட்டர் முலியே வந்தார். வெளியாள்தான், ஆனால் அவர் வந்தபோது அந்தத் தையல் அறை கலையாமல் இருந்தது. கை பழகிய ஆட்கள் இருந்தால் புதியவர் தவறான தோள் வரைந்தாலும் அது மேசையிலேயே திருத்தப்பட்டுவிடும்.

பிரபலங்களின் வரிசைகளில் பிரச்சினை என்னவென்றால் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தத் தையல் அறையே கிடையாது. சட்டைக்கு ஒரு கம்பெனி, தொப்பிக்கு ஒரு கம்பெனி, காலணிக்கு இன்னொன்று என்று உரிமம் போயிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்த ஒரே கண் அந்தப் பிரபலத்துடையது. அது போனதும் ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் போகும்.

ஒரு இசைக்கலைஞரின் வரிசைக்கு நான் பேட்டர்ன் செய்திருக்கிறேன், பெயர் வேண்டாம். சட்டையின் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் நெகிழும் பட்டை) தளர்ந்தால் அவர் பொறுக்க மாட்டார். ஹூடியை இழுத்துப் பார்த்து, கையில் எடை பார்த்துத் திருப்பி அனுப்புவார். அவர் இறந்த பிறகு ஒப்புதல் மின்னஞ்சலில் வந்தது, படம் மட்டும் பார்த்து. படத்தில் கனம் தெரியாது. முதலில் துணி 400 ஜிஎஸ்எம்மில் இருந்து 330-க்கு வந்தது. அப்புறம் எம்பிராய்டரி இருந்த இடத்தில் பிரின்ட். அப்புறம் உள்கழுத்தில் தைத்த லேபிளுக்குப் பதில் அச்சிட்ட லேபிள். ஒவ்வொன்றும் சின்ன மாற்றம். அடுத்தடுத்து நடந்ததால் யாரும் சண்டை போடவில்லை. நான் உட்பட அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும் அவர் இருந்தால் ஒன்றுகூட மேசையைத் தாண்டியிருக்காது என்று.

அளவுகளும் மாறும். நிறுவியவரின் உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் பல வரிசைகளின் ஃபிட் அமையும். அவர் உயரம், அவர் தோள். அவர் போன பிறகு பொதுவான ஃபிட் மாடல் வருவார். சட்டை இன்னும் நிறையப் பேருக்குப் பொருந்தும், அவருடைய சாயல் மட்டும் அதில் இருக்காது. ரசிகர்கள் "என்னவோ வித்தியாசம்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

#11 சாசனம்

இன்னொரு கோணம். சிலர் இறப்பதற்கு வெகு முன்பே தங்கள் பெயரை இழந்திருப்பார்கள்.

கைப்பை வடிவமைப்பாளர் கேட் ஸ்பேட் 2018 ஜூனில் இறந்தபோது உலகம் முழுக்க அந்தப் பெயருள்ள கடைகளில் பூ வைத்தார்கள். ஆனால் அவர் 1999-ல் பெரும்பங்கையும் 2006-ல் மீதியையும் விற்று, 2007-ல் கம்பெனியை விட்டே போய்விட்டவர். பதினோரு வருடமாக அந்தப் பெயரில் வந்த ஒரு பொருளையும் அவர் தொடவில்லை. அந்தக் கம்பெனி மனநலப் பணிகளுக்கு நன்கொடை அறிவித்தது, நல்ல காரியம். ஆனால் வடிவமைப்பில் மாற எதுவும் இருக்கவில்லை. மாற்றம் 2007-லேயே நடந்து முடிந்திருந்தது.

அவருடைய உண்மையான கடைசி வேலை 2016-ல் தொடங்கிய ஃபிரான்சஸ் வாலன்டைன். சொந்தப் பெயரை வைக்க உரிமை இல்லாததால் குடும்பத்துப் பெயர்களில் இருந்து எடுத்தார், தன் பெயரிலும் வாலன்டைனைச் சேர்த்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு கல்லூரிக் காலத் தோழியும் கூட்டாளியுமான எலைஸ் ஆரன்ஸ் அதைத் தொடர்ந்தார். கைப்பை, காலணியில் தொடங்கியது ஆடைகளுக்கும் விரிந்தது. கேட் சேகரித்து வைத்திருந்த பழங்கால உடைகளில் இருந்தும் அவர்கள் வடிவங்களை எடுக்கிறார்கள். அவர் பெயர் இல்லாத வரிசைதான் இன்று அவருக்கு நெருக்கமானது.

குளோரியா வாண்டர்பில்ட் இன்னும் பழைய கதை. 1976-ல் முர்ஜானி நிறுவனத்தோடு சேர்ந்து, பின்பாக்கெட்டில் தன் கையெழுத்தும் சின்ன அன்னமும் உள்ள ஜீன்ஸைக் கொண்டுவந்தவர். பிரபலம் ஒருவரின் பெயரில் ஜீன்ஸ் என்ற வழக்கமே அவரோடுதான் பெரிதாக வளர்ந்தது. 2019-ல் 95 வயதில் இறந்தார். அப்போது அந்தப் பெயர் பல கை மாறியிருந்தது, 2002-ல் ஜோன்ஸ் அப்பேரல் வாங்கியதும் அதில் ஒன்று. அவர் இறந்த வாரமும் ஜீன்ஸ் அதே அலமாரியில் அதே மாதிரி விற்றது.

நூல்கண்டு கேட்டதற்கு நேரான பதில்: கமாராவின் "வேண்டாம்" கடைசி வார்த்தையா என்பது அவருடைய ரசனையைப் பொறுத்தது இல்லை. புளூஸ்டார் போன்ற நிறுவனங்களின் தொழில், பெயரை வைத்துக்கொண்டு தயாரிப்பை உரிமதாரர்களுக்குக் கொடுத்து ராயல்டி பெறுவது. அந்த அமைப்பில் உரிமதாரர் எண்ணிக்கை கூடினால்தான் வருமானம் கூடும். தள்ளுவதற்குக் காரணம் இருக்காது, சேர்ப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

#12 நூல்கண்டு

வருத்தமாக இருந்தாலும் தெளிவாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அப்லோ லூயி வுய்ட்டானுக்காக வரைந்த நைக்கி காலணிகள், 200 ஜோடி, 2022 தொடக்கத்தில் சதபீஸில் ஏலம் போயின. 2.53 கோடி டாலர் வந்தது. அது அவர் தொடங்கிய கல்வி உதவி நிதிக்கு, கறுப்பின மாணவர்கள் ஆடைத் துறைக்குள் வருவதற்கு. அவர் உயிரோடு இருந்தபோது திட்டமிட்டது இது. ஆஃப்-ஒயிட் என்ற பெயரில் இனி என்ன வந்தாலும், அந்தப் பணத்தில் படித்து வெளியே வருகிற ஒருவரின் முதல் சட்டைக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

#13 பந்தயக்கொடி

ஒரு நடைமுறைக் கேள்வி. நாம் வாங்கும் பணம் குடும்பத்துக்குப் போகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#14 சாசனம்

இணையதளத்தின் அடியில் உரிமைக் குறிப்பு இருக்கும், யாருடைய பெயர் என்று பாருங்கள். எஸ்டேட் பெயரோ குடும்பத்தார் நடத்தும் கம்பெனியோ இருந்தால் நேரடித் தொடர்பு. "உரிமத்தின் கீழ்" என்றிருந்தால் குடும்பத்துக்கு ராயல்டி போகலாம், ஆனால் பெயர் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க முத்திரைப் பதிவகத்தின் தேடல் எல்லாருக்கும் இலவசம். பெயரைப் போட்டால் இன்றைய உரிமையாளரும் கைமாறிய தேதிகளும் வரும். அவர் இறந்த தேதிக்குப் பிறகு உரிமை மாறியிருந்தால், யாரிடமிருந்து யாருக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும்.

#15 கத்திரிமேசை

அதோடு சட்டையைத் திருப்பி உள்தையலையும் பாருங்கள். பழையது ஒன்று கையில் இருந்தால் பக்கத்தில் வைத்து, கழுத்து ரிப்பை இழுத்து விடுங்கள். பழையது உடனே பழைய நிலைக்குத் திரும்பி, புதியது தளர்ந்து நின்றால், அந்த மேசையில் "வேண்டாம்" சொல்ல யாரும் இல்லை.